ஆஸ்கருக்கு உயிர் மீனா, பெல்லட்டா?

தொட்டியில் வளர்க்கும் ஆஸ்கர் மீன், வாங்கி வரும்போது சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஓர் அடி வரை வளரும், பத்து வருடத்துக்கு மேலும் வாழும். அத்தனை வருடத்துக்கும் என்ன போடுவது, உயிரோடு இருக்கும் குட்டி மீனா, உலர்ந்த உருண்டைத் தீனியான பெல்லட்டா?

உயிர் மீன் போடுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆஸ்கர் அசையாமல் நிற்கும், துடுப்பு மட்டும் லேசாக ஆடும், அப்புறம் லபக்! வால் நுனிகூட மிஞ்சாது. ஆனால் தீனிக்கென்றே கடையில் நெருக்கி அடைத்து வைத்திருக்கும் குட்டி கோல்டு ஃபிஷ்ஷோடு வெள்ளைப் புள்ளி நோயும் ஒட்டுண்ணிகளும் இலவசமாக வந்து சேரலாம். தவிர, கோல்டு ஃபிஷ் உடலில் தயமினேஸ் என்ற நொதி உண்டு. அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். மாதக்கணக்கில் அதையே போட்டால் ஆஸ்கருக்கு அந்தச் சத்து குறைந்துபோகும்.

பெல்லட் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் நல்ல பெல்லட்டில் சத்தெல்லாம் அளவாகச் சேர்த்திருப்பார்கள், நோய் பயமும் இல்லை. ஒன்றே ஒன்று: மிஞ்சியதை உடனே வலையால் எடுத்துவிட வேண்டும். ஊறிக் கிடந்தால் தண்ணீரில் அம்மோனியா ஏறிவிடும்.

என் ஓட்டு பெல்லட்டுக்கே. உயிர் மீனுக்குப் பழகிய ஆஸ்கர் முதலில் துப்பும், கோபித்துக்கொண்டு மூலையில் கிடக்கும். வளர்ந்த மீனை இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டால் ஒன்றும் ஆகாது. எங்கள் வீட்டு ஆஸ்கர் நான்காம் நாள் தானாகவே வழிக்கு வந்தார். இப்போது வாரம் ஒருநாள் தோல் உரித்த இறால் துண்டு, அவ்வளவுதான்.