எரிவாயு ஹீட்டரா, மின்சார ரேடியேட்டரா, கரித் தணலா? மலையகக் குளிருக்கு ஓர் ஒப்பீடு

நுவரெலியா, கந்தப்பளைப் பக்கங்களில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் உறைபனி விழும்போது, எரிவாயு ஹீட்டரை அறைக்குள் தள்ளி வைத்துக் கதவையும் யன்னலையும் அடைத்துக்கொள்ளும் வீடுகள் பல. சற்று நேரத்தில் கண் எரிகிறது, மூக்கில் நெடி ஏறுகிறது. அந்த ஹீட்டரைத் திருத்துவதா, மின்சார ஹீட்டருக்கு மாறுவதா, பழையபடி கரித் தணலையே வைத்துக்கொள்வதா என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. வாடையை மட்டும் வைத்து இம்மூன்றையும் எடைபோட்டால் விடை தவறிவிடும். ஏனெனில், எரிபொருள் முழுமையாக எரியாதபோது உண்டாகி உயிரைப் பறிக்கக்கூடிய காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

எரிவாயு ஹீட்டரில் இரண்டு வகை வாடைகளைப் பிரித்தறிய வேண்டும். அழுகிய கோவா (முட்டைக்கோஸ்) போன்ற நாற்றம், எரியாத வாயு கசிவதைக் காட்டுவதற்காகவே சேர்க்கப்படும் மேர்கப்டன் என்னும் பொருளுடையது. அது மூக்கில் பட்டால் தீயை அணைத்து, சிலிண்டரை மூடி, மின் சுவிட்சுகளைத் தொடாமல் கதவுகளைத் திறக்க வேண்டும். வாயு காற்றைவிடப் பாரமானது என்பதால் தரையோடு தங்கும். காற்றோட்டம் வந்தபின், வெளியிடத்தில் வைத்து ரெகியுலேட்டரிலும் குழாயிலும் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தால் கசியும் இடத்தில் குமிழி எழும். சிலிண்டர் தீரும் தறுவாயிலும், அடியில் தங்கும் மேர்கப்டனால் இந்த நாற்றம் கூடுவதுண்டு. ஆயினும் கசிவைச் சோதிக்காமல் அப்படி முடிவு கட்டக்கூடாது.

கண்ணைக் கரிக்கும் நெடி வேறு வகை. ஹீட்டர் புதிதாயின் பூச்சு எரிவதால் முதல் சில மணி நேரம் அது வரலாம். புதிதாகப் பெயின்ட் அடித்த அறையிலும், வார்னிஷ் ஆவி தீயில் பட்டு அதே நெடி கிளம்பும். இவை இரண்டும் இல்லையெனில், பேர்னரில் தூசியோ காற்றுத் துளையில் சிலந்தி நூலோ அடைத்திருக்கலாம், செரமிக் தகடு வெடித்திருக்கலாம். சுவாலை மஞ்சளாகிப் புகைக்கரி படிவது, வாயு முழுமையாக எரியவில்லை என்பதற்கு அடையாளம். அத்தகைய ஹீட்டரைத் திருத்தும்வரை பற்றவைக்கவே கூடாது.

நுவரெலியாவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒரே கொள்ளளவு காற்றில் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைவு. தாழ்நிலத்துக்கென வடிவமைத்த பேர்னர் இங்கு காற்றுப் போதாமல் எரியக்கூடும். ஒட்சிசன் குறைந்தால் ஹீட்டரைத் தானாக அணைக்கும் பாதுகாப்புக் கருவி இந்த உயரத்தில் அதை அடிக்கடி அணைத்துத் தொல்லை தரலாம் என்றாலும், அந்தக் கருவியைக் கழற்றிவிடுவது தற்கொலைக்குச் சமம். கையேட்டில் உயர வரம்பு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று வாங்குமுன் பார்ப்பதே நல்லது.

எண்ணெய் நிரப்பிய மின்சார ரேடியேட்டர் அறைக்குள் எதையும் எரிப்பதில்லை. ஆகவே புகையும் இல்லை, ஈரமும் இல்லை. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் சுமார் ஒன்றரை லீற்றர் நீர் ஆவியாகச் சுவரில் படியும் என்பதை, ஏற்கெனவே பூஞ்சணம் பிடிக்கும் மலைநாட்டு வீட்டார் மறக்கக்கூடாது. செலவைப் பொறுத்தவரை, 12.5 கிலோ சிலிண்டரின் வெப்பம் ஏறக்குறைய 160 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். உங்கள் மின் பட்டியலில் 160 யூனிட் கூடினால் எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். எரிவாயு மலிவாகத் தெரிந்தாலும், காற்றுக்காக யன்னலைத் திறந்து வைப்பதில் அதன் ஒரு பங்கு வெளியேறிவிடும். ரேடியேட்டரின் குறை வயரிங்கில் இருக்கிறது: 2,000 வாட் ஹீட்டர் ஒன்பது அம்பியர் வரை இழுப்பதால், லயக் காம்பராக்களின் பழைய 5 அம்பியர் பிளக்கிலோ நீட்டு வயரிலோ அதைப் பொருத்தக்கூடாது.

கரித் தணலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புகை அடங்கிய தணல் வாடையே இல்லாமல் காபனோரொட்சைட்டை ஏராளமாக வெளிவிடும் என்பதால், அடைத்த அறைக்குள் அதற்கு இடமே இல்லை.

தூங்கும் அறைக்கு, வயரிங் தாங்குமானால், ரேடியேட்டர் ஒன்றையே நான் பரிந்துரைப்பேன். தாங்காதெனில் கம்பளியும் சுடுதண்ணீர்ப் பையும் போதும். எரிவாயு ஹீட்டரை, விழித்திருக்கும் நேரத்தில், யன்னல் சற்றுத் திறந்த முன்னறையில் மட்டும் பயன்படுத்தலாம்; அங்கும் காபனோரொட்சைட்டு அலாரம் ஒன்றைப் பொருத்துவது அவசியம். தலைவலி, குமட்டல், மயக்கம் ஆகியவை வீட்டில் பலருக்கு ஒன்றாக வந்தால், எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு 1990 அம்பியூலன்ஸ் சேவையை அழையுங்கள்.