காஸ் இறங்கும் அந்த அரை நிமிடம்

லேப்ராஸ்கோபிக்கு, அதாவது வயிற்றில் காஸ் நிரப்பிச் சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷனுக்கு, மூச்சு கொடுக்கும் வென்டிலேட்டரில் எந்த மோட் என்று மயக்க மருந்துப் பிரிவு ஜூனியர்கள் கேட்டால், இப்போதெல்லாம் யோசிக்காமல் பிசிவி-விஜி (வால்யூமுக்கு உத்தரவாதம் தரும் பிரஷர் கன்ட்ரோல்) என்றுதான் சொல்கிறேன். சில வருடம் முன்புவரை நான் வால்யூம் கன்ட்ரோல் ஆள்; ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று என்று நாமே வைக்கும் மோட் அது.

அதில் குறை அதிகமில்லை. 420 மில்லி வைத்தால் 420 போகும், கார்பன் டை ஆக்சைடு கணக்கு கைமீறாது. வயிற்றில் காஸ் ஏறி, தலையையும் தாழ்த்திவிட்டால் பீக் பிரஷர் (மூச்சு உள்ளே போகும்போது வரும் உச்ச அழுத்தம்) எகிறி அலாரம் கத்தும். அதில் ஒரு பங்கு மூச்சுக்குழாயில் போட்ட ட்யூபின் தடைதான். நுரையீரலுக்கு எவ்வளவு என்று பிளாட்டோவை, அதாவது உள்மூச்சின் முடிவில் ஓட்டம் நின்றபோது உள்ள அழுத்தத்தை, பார்த்தால் தெரியும்.

வால்யூமுக்குப் பதில் பிரஷரை நாம் வைக்கும் பிரஷர் கன்ட்ரோலில் பீக் குறையும். வேறிடத்தில்தான் வம்பு. ஒரு கருப்பை அகற்றும் கேஸ். உயரத்துக்கு உரிய எடை 55 கிலோ. பீப் (மூச்சு வெளியேறிய பிறகும் நுரையீரலில் நிற்கும் அழுத்தம்) 5, அதற்கு மேல் 10 வைத்ததில் 430 மில்லி போய்க்கொண்டிருந்தது. வயிற்றில் பிரஷர் 14 ஆனதும் 250-க்கு விழுந்தது, ஈடிசிஓ2 (வெளிமூச்சின் கடைசியில் உள்ள கார்பன் டை ஆக்சைடு) 46-க்கு ஏறியது. பத்தை 17 ஆக்கினேன், சரியானது. இரண்டு மணி நேரம் கழித்து சர்ஜன் ஒரு வார்த்தை சொல்லாமல் வயிற்றுத் துளையில் வைத்த போர்ட்டைத் திறந்து காஸை வெளியே விட்டுவிட்டார். நான் சார்ட் எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் 700-க்கு மேல்! கிலோவுக்கு 8 மில்லிக்குள் நிற்க வேண்டியது கிட்டத்தட்ட 13. நல்லவேளை, அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிசிவி-விஜியில் காற்றின் ஃப்ளோ பிரஷர் கன்ட்ரோல் மாதிரியே முதலில் வேகமாகப் போய்த் தணியும். ஆனால் நாம் கொடுப்பது வால்யூம். அதற்கு வேண்டிய பிரஷரை மெஷினே மூச்சுக்கு மூச்சு மாற்றிக்கொள்ளும். காஸ் இறங்கும்போது முதல் சில மூச்சுகள் பெரிதாக வரும், பிறகு தானாக அடங்கும். சார்ட்டில் குனிந்திருப்பவருக்கு இது போதும். காஸ் அளவு மாறாமலே பிரஷர் ஏறினால், ட்யூப் வலது நுரையீரல் பக்கம் இறங்கிவிட்டதா என்று ஸ்டெத்தை வைத்துப் பார்ப்பேன்.

இதிலும் ஏமாறலாம். தசைத் தளர்ச்சி மருந்து தேய்ந்து நோயாளி தானாக இழுக்க ஆரம்பித்தால், நுரையீரல் இளகிவிட்டதென்று மெஷின் பிரஷரைக் குறைத்துவிடும். சின்னக் குழந்தைகளுக்கு நான் இதை அதிகம் போட்டதில்லை, அங்கே என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம். நுரையீரலைக் காப்பதில் மோடைவிட வால்யூமும் பீப்பும்தான் பெரிது என்பதையும் மறுக்கமாட்டேன்.

விஜி இல்லாத பழைய மெஷின் கிடைத்தால் இன்றும் வால்யூம் கன்ட்ரோல்தான் போடுகிறேன். பிரஷர் கன்ட்ரோலே போட வேண்டி வந்தால், "காஸ் விடும் முன்னாடி ஒரு குரல் கொடுங்க சார்" என்று கேஸ் தொடங்கும்போதே சொல்லி வைத்துவிடுவேன்.