பிள்ளை வளர்ந்தாலும் பட்டியல் விடாது: மின்பதிவோடு நான்கு வருடம்

திருகோணமலையில் ஒரு சிறுவர் கிளினிக்கில் நான்கு வருடமாக மின்பதிவில்தான், அதாவது நோயாளர் கோப்பைக் கணினியில் எழுதித்தான், வேலை செய்கிறேன். இரத்த ரிப்போட்டைத் தேடி லாப் வரை ஆள் அனுப்புவது நின்றுவிட்டது. நிறை, உயரக் கோடுகளைத் திரையே வரைந்து தருகிறது. அதற்கெல்லாம் முழுப் புள்ளி கொடுப்பேன். என் மனக்குறை ஒரே இடத்தில்தான்: நோயாளியின் வருத்தங்களை வரிவரியாகக் காட்டும் பிரச்சினைப் பட்டியல்.

நோயாளியின் கோப்பைப் பிரச்சினை வாரியாக எழுதும் முறையை 1968 இல் லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க வைத்தியர் விளக்கி எழுதினார். பெரியவர்களுக்கு அது நன்றாகவே பொருந்தும். சீனி வருத்தம் வந்தால் வந்ததுதான், பட்டியலில் கிடக்கட்டும். பிள்ளைகள் அப்படியா? உடுப்புச் சின்னதாகிற மாதிரி, பாதி வருத்தங்கள் அவர்களுக்கு வளர வளரக் கழன்றுவிடும். பட்டியலில் மட்டும் அப்படியே நிற்கும்.

போன மாரியில் மூதூரிலிருந்து ஒரு அம்மம்மா ஆறு வயதுப் பேரனை இருமலுக்குக் கூட்டிவந்தார். திரையில் 'எபிலெப்ஸி', அதாவது திரும்பத் திரும்ப வலிப்பு வருகிற வருத்தம், என்று இருந்தது.

"தம்பிக்கு வலிப்புக்கு என்ன மருந்து குடுக்கிறீங்க அம்மா?"

"வலிப்போ? இவனுக்கு அப்பிடி ஒண்டும் இல்லையே டொக்டர்."

பொலித்தீன் பையிலிருந்து பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்து நீட்டினார். 14 மாதத்தில், கடும் காய்ச்சலோடு, ஒரே ஒரு வலிப்பு. ஐந்து நிமிடத்துக்குள் நின்றிருக்கிறது. ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் வருகிற காய்ச்சல் வலிப்புதான் அது. இரவு வேலையில் யாரோ நாலு எழுத்தைத் தட்டி, முதலில் வந்த சொல்லை அமத்தியிருக்கிறார். தாளில் என்றால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருப்போம். இந்தத் திரையில் கேள்விக்குறிக்கு இடமில்லை.

முட்டு வருகிற பிள்ளைகளின் கதை இன்னும் மோசம். ஒரே பிள்ளைக்கு மூச்சிழுப்பு, பிரொங்கியோலைட்டிஸ் (சிறு மூச்சுக்குழாய் அழற்சி), ஆஸ்துமா, மறுபடியும் ஆஸ்துமா என்று நாலு வரி. இந்தக் கூட்டத்துக்கு அடியில், இரண்டாம் பக்கத்தில், ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு ஒளிந்து கிடந்ததை ஒருமுறை தற்செயலாகப் பார்த்தேன். அது வாழ்நாள் முழுக்க இருப்பது. சில மருந்துகள் பட்டால் சிவப்பணுக்கள் உடையும். அலுமாரியில் போடும் பூச்சி உருண்டைகூட ஆகாது. மேலே நிற்கவேண்டிய வரி அதுதான். ஆனால் மேலே நின்றது, பிறந்த கிழமையில் வந்து போன செங்கமாரி!

பெயர் வைக்குமுன் தாயின் பெயரில் திறந்த கோப்பு ஒன்று, பெயர் வைத்தபின் இன்னொன்று என்று ஒரே பிள்ளைக்கு இரண்டு பட்டியல் இருப்பதும் உண்டு. அது தனிக்கதை.

இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். பிறந்தநாள் கழிந்து வரும் முதல் கிளினிக்கில் முழுப் பட்டியலையும் தாய்க்குத் தமிழில் வாசித்துக் காட்டுவோம். இந்த வேலைக்கு என்னைவிட எங்கள் தாதி மிஸ்மார் கெட்டிக்காரர்கள், தாய்மார் அவர்களிடம்தான் மனம்விட்டுக் கதைக்கிறார்கள். முடிந்த வருத்தத்தை அழிப்பதில்லை, திகதி போட்டுத் 'தீர்ந்தது' பக்கத்துக்கு நகர்த்துவோம். ஒன்றைச் சேர்க்க ஒரு அமத்தல் போதும், நகர்த்த நாலு வேண்டும். கிளினிக்கில் சனம் நிரம்பி வழிகிற நாளில் அந்த நாலு அமத்தலை யார் செய்வது? நானே பல நாள் தவறவிட்டிருக்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. அந்த மூதூர்ப் பையனின் வரியைத் தீர்ந்ததாக நகர்த்தியாயிற்று. ஆனால் வேறு கிளினிக்குக்குக் கடிதம் அச்சிட்டால் அதுவும் சேர்ந்தே வருகிறது. இப்போதைக்குப் பேனையால் வெட்டி, பக்கத்தில் கையெழுத்து வைத்து அனுப்புகிறேன்.