நொட்டேஷன் ஜெராக்ஸ், பைண்டிங்: கிருஷ்ணகிரியில் நம்பிப் போகக்கூடிய ஒரு கடை

நான் சர்ச் கொயரில் வயலின் வாசிக்கிறேன், வீட்டில் சில பிள்ளைகளுக்குக் கீபோர்டும் சொல்லித் தருகிறேன். நொட்டேஷனை, அதாவது இசைக் குறிப்புத் தாளை, ஜெராக்ஸ் எடுக்கும்போது காப்பி தெளிவாக விழுந்தால் மட்டும் எங்களுக்குப் போதாது, தாளில் பென்சில் நன்றாகப் பிடிக்கணும், அழித்தால் சுத்தமாகப் போகணும். ராயக்கோட்டை சாலையில் இருக்கும் இந்தச் சின்னக் கடையில் அது கிடைக்கிறது.

கேட்டால் கொஞ்சம் கனமான 100 ஜிஎஸ்எம் தாளில் போட்டுத் தருகிறார்கள். வழக்கமான 70 ஜிஎஸ்எம் தாளில் ஒரே இடத்தில் இரண்டு தடவை ரப்பர் போட்டாலே நார் கிளம்பிவிடும், பின்பக்கத்து நோட்டும் (ஸ்வரக் குறி) தெரியும். எழுத இடம் வேண்டும் என்றதும் கடைக்கார அண்ணன் பக்கத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஒரு காப்பி எடுத்துக் காட்டி, சரி என்ற பிறகுதான் மீதியைப் போட்டார். ஸ்பைரல் பைண்டிங் என்பதால் ஸ்டாண்டில் வைத்தால் தானாக மூடிக்கொள்வதில்லை.

நொட்டேஷனில் கிறுக்கக் கூடாது, எல்லாம் மனசில் இருக்கணும் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. நாலு வயலின் சேர்ந்து வாசிக்கும்போது ஒருவர் வில்லைக் கீழே இழுத்து, பக்கத்தில் இருப்பவர் மேலே தள்ளினால் அழுத்தம் ஆளுக்கொரு இடத்தில் விழும்; மேலே தள்ளணும் என்பதற்கு நோட்டுக்கு மேலே ஒரு சின்ன ‘வி’ வடிவக் குறி போட்டிருந்தால் அந்தப் பிரச்சினையே வராது. பாடுபவர்களுக்கு மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு காற்புள்ளி. விரல் எண் இன்னும் முக்கியம், ஏனென்றால் கீபோர்டில் 1 என்றால் கட்டைவிரல், வயலினில் அதே 1 ஆள்காட்டி விரல், இரண்டும் கற்கும் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? பெரிய ஆர்கெஸ்ட்ராக்களிலேயே வாடகைக்கு வாங்கும் நொட்டேஷனில் பென்சிலால் குறித்துக்கொண்டு, திருப்பித் தரும் முன் அழிக்கிறார்கள். ஆனால் பேனா மட்டும் வேண்டவே வேண்டாம், நடத்துபவர் அடுத்த ஒத்திகையில் மாற்றிச் சொல்வார். 2பி பென்சில்தான் சரி, மங்கலான வெளிச்சத்திலும் தெரியும், அழுத்தி எழுத வேண்டியதில்லை.

குறை என்றால், கடையில் எச்பி பென்சில் மட்டும்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை லீவு, அதனால் கொயர்காரர்கள் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பிடிஎஃப் ஆகவே அனுப்புங்கள், போனில் எடுத்த போட்டோ என்றால் ஸ்டாஃப் கோடுகள் (நோட்டுகள் உட்காரும் ஐந்து கோடுகள்) மங்கி விழுகின்றன.