மெய்ன் லைட்ஹவுஸ் டூருக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரையில் கலங்கரை விளக்கங்களைப் பார்க்க டூர் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வயதான அப்பா அம்மாவைக் கூட்டிப் போக நினைப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். ஜூலை கடைசியில் நானும் அப்பாவும் 1,180 டாலர் கட்டி மூன்று நாள் வேன் டூர் போனோம். சொன்னதில் பாதிகூட நடக்கவில்லை. அதைவிட மோசம், கொஞ்சம் தவறியிருந்தால் எங்களோடு வந்த ஒருவர் கடலில் விழுந்திருப்பார். கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் செய்தது என்னவென்று தெரிந்தால், வேறு பெயரில் வேறு யார் செய்தாலும் நீங்கள் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

முதலில் அப்பாவைப் பற்றி. முப்பது வருடம் சரக்குக் கப்பலில் ஆபீசராக இருந்தவர். இரவில் கப்பலைச் செலுத்தும் மேடையான பிரிட்ஜில் நின்று கரை வெளிச்சத்தை எண்ணி இது எந்த விளக்கு என்று சொல்வது அவர் வேலை. ஒவ்வொரு லைட்ஹவுஸுக்கும் தனித் தாளம் உண்டு. போர்ட்லண்ட் ஹெட் நான்கு நொடிக்கு ஒரு முறை வெள்ளையாக மின்னும், பெமக்விட் ஆறு நொடிக்கு ஒரு முறை. கடல் வரைபடமான சார்ட்டில் இதெல்லாம் போட்டிருக்கும். கடலிலிருந்து அத்தனை விளக்குகளைப் பார்த்தவர் ஒன்றின் உள்ளேகூடப் போனதில்லை. எழுபத்தொரு வயதில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அந்த ஃபிரெனெல் லென்ஸைப் பக்கத்துல நின்னு பார்க்கணும்மா."

விளக்கின் ஒளியைத் திரட்டி வெகுதூரம் வீசும் அந்த லென்ஸ்தான் விளம்பரத்தில் முதல் படமே. விளக்குக் கூண்டுக்குள் அடுக்கடுக்கான கண்ணாடி, பின்னால் கடல். கீழே "9 வரலாற்றுக் கலங்கரை விளக்கங்கள், கோபுரம் ஏறும் அனுமதி உட்பட, தீவுப் படகுப் பயணம் உட்பட" என்று இருந்தது. எந்த ஒன்பது என்று பெயர் போடவில்லை. நான் கேட்கவும் இல்லை. இப்போது யோசித்தால் முதல் கேள்வி அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

முதல் நாள் நபுள். யார்க் ஊருக்கு வெளியே சின்னப் பாறைத் தீவில் 1879இல் கட்டியது. தீவுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு குறுகிய கால்வாய்தான், ஆனால் பொதுமக்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது. எதிரே இருக்கும் சோகியர் பூங்காவில் நின்று பார்க்கலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. பார்ப்பதற்கு அவ்வளவு அழகு, அதில் குறையே இல்லை. ஆனால் எங்கள் பயண அட்டையில் அதற்கு நேரே "நுழைவு சேர்த்து" என்று அச்சடித்திருந்தார்கள். எதற்குள் நுழைவு என்று கைடிடம் கேட்டேன். "பார்க்குக்குள்" என்றார்.

அடுத்தது போர்ட்லண்ட் ஹெட். மெய்னின் மிகப் பழைய கலங்கரை விளக்கம், 1791 ஜனவரியில் முதன்முதலாக ஏற்றியது. கேப் எலிசபெத்தில் ஃபோர்ட் வில்லியம்ஸ் பூங்காவுக்குள் இருக்கிறது. பூங்காவுக்குள் போகப் பணம் வேண்டாம், காருக்கு மட்டும் பார்க்கிங் கட்டணம். விளக்குக் காப்பாளர் குடியிருந்த வீட்டில் ஒரு சின்ன மியூசியம் இருக்கிறது, அதற்கு நுழைவுச்சீட்டு கொஞ்சம்தான். கோபுரம்? வருடத்தில் ஒரே ஒரு நாள், செப்டம்பரில் வரும் திறந்த லைட்ஹவுஸ் தினத்தில்தான் பொதுமக்களை ஏற விடுகிறார்கள். மற்ற நாளில் யாருக்கும் கிடையாது. இது ஊரறிந்த விஷயம், அந்தக் கம்பெனிக்கும் தெரியாமல் இருக்காது. ஆனாலும் புக் செய்யும்போது போனில் பேசிய பெண் "எங்களுக்குத் தனி அனுமதி உண்டு" என்றார். அங்கே போய் நின்றபோது கைடு, "இன்றைக்கு மூடிவிட்டார்கள் போலிருக்கிறது" என்று கதவைப் பார்த்துச் சொன்னார்.

அங்கே நின்றபடியே கடலுக்குள் ஒரு மேட்டில் தனியாக நிற்கும் ராம் ஐலண்ட் லெட்ஜ் விளக்கைக் கையால் காட்டி, "இது மூன்றாவது" என்றார். அப்போதுதான் ஒன்பது எப்படி வரும் என்று எனக்குப் புரிந்தது.

கதைகளும் அப்படித்தான். போர்ட்லண்ட் ஹெட்டின் பாறையில் ஒரு கப்பலின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனி சி. மக்வையர் என்ற கப்பல் 1886 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு அங்கே வந்து மோதியது. காப்பாளர் ஜோஷுவா ஸ்ட்ரவுட்டின் குடும்பம் பாறைக்கும் கப்பலுக்கும் நடுவே ஏணியைப் போட்டு எல்லோரையும் கரை சேர்த்தது. ஒருவர்கூடச் சாகவில்லை. விளக்குக்குக் காலடியில் நடந்த இவ்வளவு பெரிய விஷயத்தை அந்த கைடு சொல்லவே இல்லை. அதற்குப் பதிலாக, ஒரு சிறு பெண் புயலில் தனியாக விளக்கைக் காத்த கதையை அங்கே நடந்ததாகச் சொன்னார். அது ஆபி பர்ஜெஸின் கதை. 1856 ஜனவரியில், பதினாறு வயதில், அப்பா கரையில் மாட்டிக்கொண்ட நாட்களெல்லாம் விளக்கை அணைய விடாமல் பார்த்துக்கொண்ட பெண். அது நடந்தது நடுக்கடலில் இருக்கும் மட்டினிகஸ் பாறையில். அப்பா மெதுவாக எடுத்துச் சொன்னார். கைடு தோளைக் குலுக்கிவிட்டு வேனுக்குப் போய்விட்டார். அந்தப் பெண் தூங்காமல் பார்த்துக்கொண்ட விளக்கு எது என்றுகூடத் தெரிந்துகொள்ளாமல் அவள் கதையை வைத்துச் சம்பாதிக்கிறார்களே என்று எனக்கு அழுகையே வந்தது.

இரண்டாம் நாள் படகு. செக்வின் தீவு, கென்னெபெக் ஆற்று முகத்துவாரத்துக்கு வெளியே இருக்கிறது. இன்றைக்கும் எரிந்துகொண்டிருக்கும் முதல் தர ஃபிரெனெல் லென்ஸ் மெய்னில் அங்கே மட்டும்தான் இருக்கிறது. லென்ஸ்களைப் பெரியதிலிருந்து சிறியது வரை தரம் பிரிப்பார்கள், முதல் தரம் ஆளைவிட உயரமாக இருக்கும். அப்பா அதற்காகவே காலை நான்கு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்தார்.

படகுத்துறையில் "எரிபொருள் கட்டணம்" என்று தலைக்கு 45 டாலர் ரொக்கமாகக் கேட்டார்கள். படகுப் பயணம் கட்டணத்தில் சேர்த்திதானே என்றேன். பயணம் சேர்த்தி, எரிபொருள் சேர்த்தி இல்லை என்றார் கைடு. ரசீதும் கிடையாது. அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கொடுத்துவிட்டேன். கடலில் ஒரே மூடுபனி. அந்தப் பகுதியில் கோடையில் மூடுபனி சகஜம், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் படகு தீவைச் சுற்றிவிட்டுத் திரும்பியது. ஏன் இறங்கவில்லை என்று படகுக்காரரிடமே போய்க் கேட்டேன். "உங்கள் ஏஜென்சி புக் செய்தது சுற்றிக் காட்டும் பயணம்தானே, இறங்கும் பயணத்துக்கு அவர்கள் கேட்கவே இல்லையே" என்றார். பனி இல்லாவிட்டாலும் இறங்கியிருக்க மாட்டோம். கைடோ கரைக்கு வந்ததும் எல்லோரிடமும் வானிலையால் இறங்க முடியவில்லை என்றே சொன்னார். அந்தப் படகுக்காரரிடம் அதை இரண்டு வரியாக எழுதி வாங்கிக்கொண்டேன். பிறகு பணத்தை மீட்க உதவிய ஒரே காகிதம் அதுதான்.

அப்புறம் மதியம் ஒரு பரிசுப்பொருள் கடையில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து பெமக்விட் போய்ச் சேரும்போது மாலை ஐந்தைத் தாண்டிவிட்டது. கோபுரம் மூடியிருந்தது.

பெமக்விட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1827இல் முதலில் கட்டியபோது சாந்தில் உப்புத் தண்ணீர் கலந்துவிட்டதால் கோபுரம் நொறுங்கத் தொடங்கி, 1835இல் புதிதாகக் கட்டினார்கள். இப்போது நிற்பது அதுதான். 2003இல் வெளியிட்ட மெய்னின் கால் டாலர் நாணயத்தில் இருப்பதும் இதுதான். இங்கே நான்காம் தர ஃபிரெனெல் லென்ஸ் இன்னும் வேலை செய்கிறது. கோடையில் தொண்டர்கள் பகலில் கோபுரத்தைத் திறந்து ஆட்களை ஏற விடுகிறார்கள். பிரிஸ்டல் ஊராட்சிக்குப் பூங்கா நுழைவுக் கட்டணம் சில டாலர், கோபுரம் ஏற ஒன்றும் கிடையாது, விருப்பப்பட்டால் உண்டியலில் போடலாம். அதாவது எங்களுக்கு விற்ற "கோபுரம் ஏறும் அனுமதி" எல்லோருக்கும் இலவசமாகக் கிடைப்பது. அதையும் கடையில் உட்கார வைத்துக் கெடுத்துவிட்டார்கள்.

இனி எச்சரிக்கையின் முக்கியமான பகுதி. கோபுரத்துக்குக் கீழே பாறை நீளமாகக் கடலுக்குள் இறங்குகிறது. அதில் தேங்கும் குட்டைத் தண்ணீரில் விளக்கின் பிம்பம் விழும், எல்லோரும் அந்தப் போட்டோவுக்கு ஆசைப்படுவார்கள். கோபுரத்தைக் காட்ட முடியாத கைடு, அதை ஈடுகட்டவோ என்னவோ, "இன்னும் கீழே போங்கள், நுனிக்குப் போனால்தான் நன்றாக வரும்" என்று எல்லோரையும் அனுப்பினார். கடலை ஒட்டி ஈரமாகக் கறுத்துத் தெரியும் பாறையெல்லாம் பாசி. அலை ஏறுகிற இடம் அது என்பதற்கு அந்தக் கறுப்புதான் அடையாளம். ஐந்து, பத்து நிமிடம் சாதுவாக இருக்கும், திடீரென்று ஒரு பெரிய அலை வரும். அப்பா மேலேயே நின்று, "எல்லாரையும் மேல வரச் சொல்லும்மா, தண்ணி ஏறுது" என்றார். நான் கத்தினேன். நான்கைந்து பேர் திரும்பினார்கள். எங்களோடு வந்த ஒரு பெண் திரும்புவதற்குள் அலை வந்து இடுப்பு வரை அடித்தது. அவர் விழுந்து ஒரு பாறை வெடிப்பில் கையை மாட்டி நின்றுவிட்டார். அந்த வெடிப்பு இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. மணிக்கட்டு வீங்கிவிட்டது. வேனில் முதலுதவிப் பெட்டி இல்லை. என் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினோம்.

பணம் போனதை மறந்துவிடுவேன். இதை மறக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் சுருக்கமாக: மார்ஷல் பாயிண்ட், ஆவுல்ஸ் ஹெட் இரண்டிலும் பதினைந்து பதினைந்து நிமிடம். "சூரிய அஸ்தமனத்தில் பாஸ் ஹார்பர்" என்று விற்றதை நண்பகலில் காட்டினார்கள், அன்று இரவே போர்ட்லண்ட் திரும்ப வேண்டும் என்பதால். விளம்பரத்தில் வரும் அந்த அழகான கோணம் செங்குத்தான படியில் இறங்கிப் பாறை மேல் ஏறினால்தான் கிடைக்கும். முழங்கால் வலி உள்ளவர்களால் முடியாது. "எல்லா வயதினருக்கும் ஏற்றது" என்று போட்டிருந்தார்கள். அப்பா வேனிலேயே உட்கார்ந்திருந்தார்.

அன்றிரவு அவர் "விடும்மா, கடலைப் பார்த்தாச்சு" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. திரும்பும் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப்போட்டு, காலையில் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு நாங்கள் இருவர் மட்டும் பெமக்விட் போனோம். போர்ட்லண்டிலிருந்து ஒன்றே கால் மணி நேரம்தான். வாசலில் நின்ற தொண்டர் அப்பாவின் முழங்காலைப் பார்த்துவிட்டு, கூட்டம் குறையட்டும் என்று காத்திருக்கச் சொல்லி, அவரை மட்டும் நிதானமாக ஏற விட்டார். சுருள் படியில் ஒவ்வொரு படியாக ஏறினார். மேலே லென்ஸுக்கு எதிரில் நின்று ஒன்றுமே பேசவில்லை. உதடு மட்டும் ஆறு வரை எண்ணிக்கொண்டிருந்தது. கார் வாடகை, பெட்ரோல், பூங்கா நுழைவு எல்லாம் சேர்த்து அந்த நாளுக்கு ஆன செலவு நூறு டாலருக்கும் குறைவு.

இனி பணம் கட்டும் முன் நீங்கள் கேட்க வேண்டியவை. எந்தெந்தக் கலங்கரை விளக்கங்கள், பெயரோடு எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். ஒவ்வொன்றிலும் இறங்கி நிற்போமா, தூரத்திலிருந்து காட்டுவீர்களா, எத்தனை மணிக்குப் போவோம் என்றும் கேளுங்கள். படகு என்றால் தீவில் இறங்கும் படகா என்று அந்த வார்த்தையையே சொல்லிக் கேட்டு, மெயிலில் பதில் வாங்குங்கள். எங்களுக்குப் போனில் சொன்னது எதற்கும் சாட்சி இல்லாமல் போயிற்று. அவர்களுடைய நிபந்தனைகளில் "நிகழ்ச்சி நிரல் மாறுதலுக்கு உட்பட்டது" என்ற ஒரு வரியை வைத்தே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்கள்.

கிரெடிட் கார்டில் கட்டுங்கள். அமெரிக்கச் சட்டப்படி, சொன்ன சேவை தரப்படாவிட்டால், பில் அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள் கார்டு கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். நான் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பயண அட்டை, படகுக்காரர் எழுதிய இரண்டு வரி மூன்றையும் அனுப்பினேன். ஆறு வாரம் கழித்து 310 டாலர் திரும்பி வந்தது. ரொக்கமாகக் கொடுத்த 90 டாலருக்கு வழியே இல்லை.

மணிக்கட்டு வீங்கிய அந்தப் பெண்ணும் புகார் கொடுத்திருக்கிறார், அவருக்கு இன்னும் பதில் வரவில்லை. நேற்றிரவு அந்தக் கம்பெனியின் பக்கத்தை மறுபடி பார்த்தேன். அதே லென்ஸ் படம், அதே "9", அதே "எல்லா வயதினருக்கும் ஏற்றது". செப்டம்பருக்கான இடங்கள் வேகமாக நிரம்பி வருகின்றன என்று சிவப்பில் போட்டிருந்தது.