ட்ரிங்க் ட்ரைவிங் கேஸ் இருந்தவங்க கார் இன்சூரன்ஸ் எடுக்குறப்ப இந்த மாதிரி ஆளுங்ககிட்ட உஷாரா இருங்க

பாதி ரேட்டுக்கு இன்சூரன்ஸ் முடிச்சுத் தரேன்னு ஒருத்தர் வாட்ஸ்அப்ல சுத்திக்கிட்டு இருக்காரு, அதுவும் குடிச்சு ஓட்டி லைசன்ஸ் போயி திரும்ப எடுத்தவங்களா பாத்து. என் மச்சான் (வீட்டுக்காரம்மா தம்பி) மாட்டுனாரு.

சிங்கப்பூர்ல இப்ப சட்டப்படி முதல் தடவைக்கே ஃபைன் 2,000லேர்ந்து 10,000 வெள்ளி வரைக்கும், ஜெயிலும் போடலாம், குறைஞ்சது 2 வருஷம் ஓட்டவும் தடை. தடை முடிஞ்சாலும் பழைய லைசன்ஸ் செல்லாது, பேசிக் தியரிலேர்ந்து பிராக்டிகல் வரைக்கும் திரும்ப பாஸ் பண்ணணும். மச்சான் அதெல்லாம் முடிச்சு, சிஓஇ (கார் வச்சுக்கிற உரிமைப் பத்திரம்) கொஞ்சம் மிச்சம் இருந்த செகண்ட் ஹேண்ட் கார் ஒண்ணு பாத்து வச்சுட்டு இன்சூரன்ஸ் கேட்டா, கேஸ்னு சொன்னதுமே சில எடத்துல வேணாம்னுட்டாங்க, மத்தவங்க பிரீமியத்தையும் ஏத்தி எக்ஸஸையும் (கிளைம்ல நம்ம கையிலேர்ந்து கட்டுற பங்கு) ஏத்தி வச்சாங்க, அவர் பேர்ல முன்னாடி கார் இல்லாததால என்சிடியும் (கிளைம் இல்லாம ஓட்டுனா கிடைக்கிற தள்ளுபடி) ஜீரோ.

அப்பதான் இந்த ஆளு. "அண்ணே நான் பாத்துக்குறேன், டோன்ட் வொரி லா"ன்னு சொல்லி, பிரீமியம் போக 300 வெள்ளி சர்வீஸ் ஃபீ, அதுவும் அவரோட சொந்த நம்பருக்கு பேநவ் (ஃபோன் நம்பர் வழியா காசு அனுப்புறது). ரசீது இன்னி வரைக்கும் வரல.

பாலிசி வந்ததும் எனக்கு ரேட்டு உறுத்துச்சு, ப்ரபோசல் ஃபாரத்தோட (இன்சூரன்ஸுக்கு விண்ணப்பிச்ச படிவம்) காப்பிய கேளுங்கன்னு மச்சான்கிட்ட சொன்னேன். அந்த ஆளு இழுத்தடிச்சுதான் அனுப்புனாரு. தண்டனை, லைசன்ஸ் தடை ஏதாவது உண்டான்னு கேட்ட எடத்துல 'இல்ல'ன்னு டிக்! லைசன்ஸ் எடுத்த தேதின்னு பழைய லைசன்ஸ் தேதி. மச்சான் கோர்ட் பேப்பரையே ஃபோட்டோ எடுத்து அந்த ஆளுக்கு அனுப்பியிருக்காரு, அந்த மெசேஜ்ல ப்ளூ டிக்கும் இருக்கு. தெரிஞ்ச விஷயத்த முழுசா உண்மையா சொல்லணும், இல்லாட்டி பாலிசியால ஒண்ணுமே கிடைக்காம போகலாம்னு அதே ஃபாரத்துல எச்சரிக்கை போட்டிருக்கு, அதுக்குக் கீழயே இந்தப் பொய்.

ஃபோன்ல கேட்டா "எல்லாரும் இப்படித்தாண்ணே, கிளைம் வந்தா பாத்துக்கலாம்"ங்கிறாரு. கிளைம் வந்தாதானே தோண்டுவாங்க? நம்ம கார் ரிப்பேருக்கு கைய விரிச்சிருவாங்க, அடிபட்டவங்களுக்கு கொடுத்த காச நம்மகிட்டயே திருப்பிக் கேட்டும் வரலாம், வீட்ட வித்தாலும் பத்தாது.

ஜிஐஏ (பொதுக் காப்புறுதிக் கம்பெனிகளோட சங்கம்) வெப்சைட்ல பதிவான ஏஜென்ட்டுங்கள தேடலாம், தேடுனேன், அவர் பேர் இல்ல. பாலிசியில இருக்குறது வேற யாரோ ஏஜென்சி பேரு.

கம்பெனிக்கு உண்மைய எழுதிக் கொடுத்து பாலிசிய கேன்சல் பண்ணியாச்சு, ஷார்ட் பீரியட்னு (நடுவுல நிறுத்துனதுக்கு) கழிச்சுக்கிட்டு மிச்சம் தந்தாங்க. இப்ப மச்சான் கேஸ சொல்லியே கூட காசு கொடுத்து வேற எடத்துல எடுத்திருக்காரு. ஏஜென்சி மேல கம்பெனிகிட்ட புகார் போயிருக்கு, சரியான பதில் வரலன்னா அடுத்து ஃபிட்ரெக்தான் (இன்சூரன்ஸ், பேங்க் தகராறுகளைத் தீர்த்து வைக்கிற அமைப்பு), அங்க மீடியேஷனுக்கு (சமரசப் பேச்சுக்கு) நமக்கு செலவு இல்ல. 300 வெள்ளிக்கு போலீஸ் ரிப்போர்ட்டும் போட்டாச்சு. இவர்கிட்ட வேற யாராவது எடுத்திருந்தா இன்னிக்கே ஃபாரம் காப்பிய வாங்கிப் பாருங்க, இதே மாதிரி இருந்தா எனக்கு மெசேஜ் போடுங்க, ரிப்போர்ட்டோட சேத்துக் கொடுக்கலாம்.