மெட்டாலிகா போன வழியும் ரேடியோஹெட் போன வழியும்

இணையத்தில் இலவசமாக டவுன்லோடு செய்வது பேண்டுகளைக் கெடுத்ததா, வளர்த்ததா? இரண்டு பேண்டுகளின் கதையிலிருந்து தொடங்குவோம். 2000ஆம் ஆண்டு அமெரிக்க வானொலி நிலையங்கள் சிலவற்றில் மெட்டாலிகா என்ற அமெரிக்க பேண்டின் புதுப் பாட்டு ஒன்று ஓடத் தொடங்கியது. பேண்டு அதை இன்னும் வெளியிடவே இல்லை. ஒரு சினிமாவுக்காகப் போட்டு, வேலை முடியாமல் இருந்த பதிவு அது. எங்கிருந்து கசிந்தது என்று தேடிப் போனவர்கள், பாட்டுக் கோப்புகளை ஒருவருக்கொருவர் இணையத்தில் பகிர்ந்துகொள்ளும் நாப்ஸ்டரில் வந்து நின்றார்கள். அங்கே அந்தப் பாட்டோடு மெட்டாலிகாவின் பழைய ஆல்பங்களும் இலவசமாகக் கிடைத்தன. ஏப்ரலில் மெட்டாலிகா நாப்ஸ்டர் மேல் வழக்குப் போட்டது. மே மாதம் டிரம்மர் லார்ஸ் உல்ரிச், தங்கள் பாட்டுகளைப் பகிர்ந்த 3,35,000 பயனர் பெயர்களைக் காகிதத்தில் அச்சடித்து, பெட்டி பெட்டியாக நாப்ஸ்டர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அதே ஆண்டு பிரிட்டிஷ் பேண்டான ரேடியோஹெட்டின் 'கிட் ஏ' ஆல்பமும் வெளியாவதற்குச் சில வாரங்கள் முன்பே நாப்ஸ்டரில் வந்துவிட்டது. இவர்கள் வழக்குக்குப் போகவில்லை. அக்டோபரில் கடைக்கு வந்த ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் நேராக முதலிடத்தில் போய் உட்கார்ந்தது. அவர்களுடைய முந்தைய ஆல்பம் அங்கே 21ஆம் இடத்தைத் தாண்டியதில்லை.

டவுன்லோடு பேண்டுக்கு நல்லது என்று சொல்பவர்கள் எல்லோரும் கையில் எடுக்கும் உதாரணம் இதுதான். ஆனால் எனக்கு இதில் முழு நம்பிக்கை கிடையாது. அந்த ஆல்பத்தை முன்கூட்டியே ரசிகர்களின் இணையதளங்களில் கேட்கவைக்க லேபிளே (ஆல்பத்தை வெளியிடும் நிறுவனமே) ஏற்பாடு செய்திருந்தது. மூன்று வருடம் புது ஆல்பத்துக்காகக் காத்திருந்த கூட்டமும் இருந்தது. நாப்ஸ்டர் கெடுக்கவில்லை என்று சொல்லலாம். நாப்ஸ்டர்தான் தூக்கிவிட்டது என்று சொல்ல ஆதாரம் போதாது.

மெட்டாலிகாவைப் பேராசைக்காரர்கள் என்று அன்றைக்கு ரசிகர்களே திட்டினார்கள். இப்போது திரும்பிப் பார்த்தால் அது அநியாயம் என்றுதான் தோன்றுகிறது. முடிக்காத பாட்டை எப்போது, யாருக்குக் கொடுப்பது என்பதை, அதைப் போட்டவர்கள்தானே தீர்மானிக்க வேண்டும்? அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. ரசிகர்களின் பெயரைப் பட்டியல் போட்டுக் கொடுத்த முறைதான் தவறு. இத்தனைக்கும் பலன் எதுவும் கிடைக்கவில்லை. நீதிமன்ற உத்தரவுகளால் 2001 ஜூலையில் நாப்ஸ்டர் நின்றுபோனது. கூட்டம் அப்படியே கசா, லைம்வயர், டொரண்ட் என்று வேறு இலவசப் பகிர்வு வழிகளுக்கு நகர்ந்துவிட்டது.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். அமெரிக்காவில் இசைப்பதிவுகளின் விற்பனை 1999இல் சுமார் 1,460 கோடி டாலர். 2014இல் அது 700 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. எல்லாப் பழியையும் திருட்டு டவுன்லோடு மேல் போட முடியாது. 2003இல் ஆப்பிள் ஐடியூன்ஸ் கடையைத் திறந்து ஒரு பாட்டை 99 சென்ட்டுக்கு விற்றது. அதுவரை ஒரே பாட்டுக்காக முழு சிடியும் வாங்கியவர்கள், அந்த ஒரு பாட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். சட்டப்படியான டவுன்லோடும் ஆல்பத்தை உடைத்தது.

இந்தச் சரிவில் யாருக்கு எவ்வளவு அடி என்று பார்க்க லேபிள் ஒப்பந்தம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். லேபிள் அட்வான்ஸ் கொடுக்கும். ஸ்டுடியோச் செலவும், பல ஒப்பந்தங்களில் வீடியோச் செலவின் ஒரு பகுதியும் பேண்டின் கணக்கில்தான் பற்று. அந்தக் கடன் ராயல்டியில், அதாவது விற்பனையில் பேண்டுக்குச் சேர வேண்டிய பங்கில், கழிந்து முடியும்வரை பேண்டுக்கு விற்பனையிலிருந்து ஒரு பைசா வராது. பெரும்பாலான பேண்டுகள் அந்தக் கடனைக் கடந்ததே இல்லை. அவர்களுக்கு சிடி விற்றாலும் விற்காவிட்டாலும் அந்த மாத வருமானம் ஒன்றுதான். உண்மையில் அடிபட்டவர்கள் நடுவில் இருந்தவர்கள்: கடனை அடைத்துவிட்டு, ஆல்பம் விற்றே குடும்பம் நடத்திய பேண்டுகள். அப்புறம், மேடை ஏறாமல் பாட்டு மட்டும் எழுதித் தருபவர்கள். (நம் சினிமா இசைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே இசையமைப்பாளருக்குப் படத் தயாரிப்பாளர் முதலிலேயே சம்பளம் கொடுத்துவிடுகிறார்.)

பெயரே தெரியாத பேண்டுக்குக் கதை வேறு. ஷெஃபீல்டைச் சேர்ந்த ஆர்க்டிக் மங்கீஸ், கச்சேரிக்கு வந்தவர்களுக்கு டெமோ சிடியை (மாதிரிப் பதிவை) இலவசமாகக் கொடுத்தார்கள். ரசிகர்களே அதை இணையத்தில் ஏற்றிப் பரப்பினார்கள். 2006 ஜனவரியில் முதல் ஆல்பம் வந்தபோது பிரிட்டனில் ஒரே வாரத்தில் 3,60,000க்கும் மேல் விற்றது. அதுவரை எந்த பேண்டின் முதல் ஆல்பமும் அங்கே அவ்வளவு வேகமாக விற்றதில்லை. இழக்க ஒன்றுமில்லாதபோது இலவசம் விளம்பரமாகிறது. என் கதையும் இதற்குச் சாட்சி. எங்கள் ஊர்க் கடைகளில் ரேடியோஹெட் சிடி கிடைத்ததே இல்லை. டவுன்லோடு செய்துதான் முதலில் கேட்டேன். காசு கொடுத்து வாங்கியது பல வருடம் கழித்து.

அதே ரேடியோஹெட், லேபிள் ஒப்பந்தம் முடிந்த பிறகு 2007 அக்டோபரில் 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தைத் தங்கள் தளத்தில் வைத்து, விருப்பப்பட்ட விலையைக் கொடுங்கள் என்றது. பலர் ஒன்றுமே கொடுக்கவில்லை. ஆனாலும் அதற்கு முந்தைய எல்லா ஆல்பங்களும் சேர்ந்து டிஜிட்டலில் தந்ததைவிட இந்த ஒரு ஆல்பம் அதிகம் தந்தது என்று பாடகர் தாம் யார்க் சொன்னார். காரணம் எளிது. பழைய ஒப்பந்தத்தில் டிஜிட்டல் விற்பனையிலிருந்து அவர்களுக்கு வந்தது மிகக் குறைவு. இலவசம் அவர்களைப் பணக்காரர்களாக்கியதாக எனக்குத் தோன்றவில்லை. நடுவில் ஆள் இல்லாமல் போனதுதான் லாபம். அடுத்த ஆல்பத்துக்கு அவர்களே நிலையான விலை வைத்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

'ஆல்பம் போனால் என்ன, கச்சேரியில் சம்பாதிக்கலாமே' என்ற வாதம் 2020இல் உடைந்துபோனது. கொரோனாவில் மேடைகள் எல்லாம் மூடின. அந்த மார்ச் 20ஆம் தேதி, பேண்டுகள் ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளம் ஒரு நாள் மட்டும் தன் பங்கை விட்டுக்கொடுத்தது. ரசிகர்கள் அன்று 43 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். காசு கொடுத்து டவுன்லோடு செய்ய ஆள் இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

இன்று ஒரு சின்ன பேண்டின் முன்னால் இருப்பது ஸ்ட்ரீமிங்கா, நேரடி விற்பனையா என்ற கேள்விதான். பேண்ட்கேம்பில் பத்து டாலர் ஆல்பம் விற்றால் தளத்துக்கு 15 சதவீதம், பணப் பரிமாற்றக் கட்டணம் போக ஏறக்குறைய எட்டு டாலர் கையில் நிற்கும். ஸ்பாட்டிஃபையில் நிலையான விலை என்று ஒன்றில்லை. ஒரு முறை கேட்டால் பொதுவாகச் சொல்லப்படும் தொகை 0.3 முதல் 0.5 சென்ட். அந்த எட்டு டாலரை அங்கே ஈட்ட, பத்துப் பாட்டுள்ள ஆல்பத்தை ஒருவர் முழுசாகக் குறைந்தது 160 முறை கேட்க வேண்டும். லேபிள் இருந்தால் அதிலும் அவர்கள் பங்கு போகும்.

ஸ்பாட்டிஃபையை விட்டுவிடுங்கள் என்று எந்த பேண்டுக்கும் நான் சொல்ல மாட்டேன். அன்று ஆர்க்டிக் மங்கீஸின் டெமோ சிடி செய்த வேலையை இன்று அது செய்கிறது. ஆனால் அதை வருமானமாக எண்ணிவிடக் கூடாது. 12 மாதத்தில் 1,000 முறை ஓடாத பாட்டுக்கு 2024 முதல் அங்கே ராயல்டியே கிடையாது. ஒரு பாட்டை 900 முறை கேட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் பூஜ்யம். கேட்டவர்களில் இருபது பேர் மட்டும் ஆல்பத்தை நேரடியாக வாங்கினால் 160 டாலர் வரும். அடுத்த ஆல்பம் வரும்போது எழுதிச் சொல்ல அவர்களுடைய மின்னஞ்சல் முகவரியும் இருக்கும்.